செவ்வாயில் கிழங்கு, விண்வெளியில் கொழுந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் அறிவியல் புனைகதைகளையும் மந்திரதந்திரக் கதைகளையும் ஒரே மூட்டையில் கட்டி, இவை மண்ணோடு ஒட்டாத எழுத்து, நகரத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற தொனியில் ஒரு குறிப்பு வந்திருந்தது. மண்ணோடு ஒட்டாத கதைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒட்டுகிறதா இல்லையா என்று உரசிப் பார்க்க இலங்கை மலைநாட்டு வாசகரைவிடத் தோதான ஆள் கிடைக்கமாட்டார். தேயிலைக் கொழுந்தின் நிறையும் கிழங்கின் முளையும் மழை ஏறிவரும் பக்கமும் தெரிந்தவரிடம் கற்பனை உலகத்துக்காரர் பொய்க்கணக்குக் காட்டித் தப்பமுடியாது. அண்மையில் வாசித்த நாலு புத்தகங்களை அந்தக் கணக்கோடு பார்த்ததில் தென்பட்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் தேயிலை. ஆன் லெக்கி என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'அன்சிலரி ஸோர்ட்' 2014இல் வெளிவந்தது. மூன்று நாவல் வரிசையில் நடுப்புத்தகம். இதற்கு முந்திய 'அன்சிலரி ஜஸ்டிஸ்' ஹியூகோ, நெபியூலா, ஆர்தர் சி. கிளார்க் விருது மூன்றையும் வாங்கியது என்பதால் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். நம்மவர் தேடவேண்டியது இரண்டாவதை. அட்டையைப் பார்த்தால் விண்கப்பலும் சண்டையும். உள்ளே போனால் தேயிலைத் தோட்டம். பேரரசு படையெடுத்துப் பிடித்த வேறொரு உலகத்திலிருந்து ஏற்றிவரப்பட்ட வல்ஸ்காய் மக்கள் அத்தோக் என்ற கோளில் கொழுந்து பறிக்கிறார்கள். கூலி உண்டு. சாப்பாடும் பாவனைப் பொருட்களும் தோட்டத்துக் கணக்கிலேயே வருகின்றன; அந்தக் கணக்கு ஒருநாளும் தீர்வதில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அவர்கள் அடிமைகளில்லை.

பழைய தோட்டத்து வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் 'துண்டு' நினைவுக்கு வரும். தெரியாதவர்களுக்காக: ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போவதானால், இன்னாருடைய தலையில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. புதுத் தோட்டம் காசைக் கட்டும். கட்டிய காசு தொழிலாளியின் பெயரிலேயே மறுபடி கடனாக ஏறும். ஆள் மாறுவார், தோட்டம் மாறும், கடன் மட்டும் கூடவே நடக்கும். 1921இல்தான் சட்டம் அதற்குத் தடை போட்டது. லெக்கி இந்த வரலாற்றை வாசித்தாரோ இல்லையோ, பொறியைச் சரியாகவே கட்டியிருக்கிறார்: வேலியும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம், ஒரு கொப்பி போதும்.

லெக்கி தவறவிட்ட ஆள் கங்காணி, அதாவது ஊரிலிருந்து ஆள்சேர்த்து வந்து தோட்டத்தில் மேய்த்த மேற்பார்வையாளர். இங்கே கடன் தோட்டத்துக் கடையில் தொடங்கவில்லை. கப்பலேறுவதற்கு முன்னமே, ஊரில், முன்பணமாகவும் வழிச்செலவாகவும் தொடங்கியது. கொடுத்தவர் அதே ஊர், பலவேளை அதே சாதி, மாமன் மச்சான் முறை. அத்தோக்கில் ஆள்பிடித்தது படை. ஆகவே யாரை வெறுப்பது என்பதில் அங்கே குழப்பமில்லை. 'அண்ணே' என்று கூப்பிடும் ஒருவர் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசும் வாங்கிக்கொண்டு தன் சொந்தக்காரரைக் கணக்கில் ஏற்றும் காட்சி அந்த உலகத்தில் இருந்திருந்தால், நாவலின் நீதி இத்தனை நேர்கோட்டில் போயிருக்காது.

கொழுந்து பறிப்பதைக் காட்டும் அளவுக்குக் கதை தொழிற்சாலைக்குள் நுழைவதில்லை. அதுவும் இழப்புத்தான், ஏனெனில் தேயிலை ஏன் ஒரு பேரரசின் வியாபாரப் பண்டமாக முடியும் என்பதற்கான விடை தொழிற்சாலைக்குள்தான் கிடக்கிறது. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். சாக்கில் அமுக்கி வெயிலில் வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். அப்படிச் சிவந்ததை எந்தத் தொழிற்சாலையும் நல்ல தேயிலையாக்க முடியாது. வாட்டும் தொட்டியில் 12 முதல் 18 மணித்தியாலம் காற்றோட்டத்தில் கிடந்து ஈரம் 55 சதவீதம் அளவுக்கு இறங்கவேண்டும். பிறகு உருட்டி, சலித்து, நொதிக்க விட்டு, சூட்டடுப்பில் ஏறக்குறைய 3 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவரவேண்டும். அடுப்பின் வெப்பத்தை அவசரப்பட்டுக் கூட்டினால் இலையின் வெளித்தோல் காய்ந்து இறுகி உள்ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபடும். கையில் எடுத்தால் காய்ந்த தேயிலை, பெட்டியில் போட்டால் சில கிழமையில் பூசணம். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று வைத்தால், ஒருவர் நாளில் எடுக்கும் 18 கிலோ நாலு கிலோவாகச் சுருங்கும். கோப்பைக்கு 2 கிராம் என்றால் 2,000 கோப்பை. நிறை குறைவு, விலை அதிகம், இறுக மூடினால் நீண்டநாள் கெடாது: விண்கப்பலில் ஏற்ற இதைவிட வேறென்ன வேண்டும்! இந்த ஒரு பந்தியை லெக்கி எழுதியிருந்தால் அந்தப் பேரரசே ஏன் தேநீர்ப் பைத்தியமாக அலைகிறது என்பதற்குப் பொருளாதாரக் காரணமும் கிடைத்திருக்கும். (எடையற்ற கப்பலுக்குள்ளேயே தேயிலை செய்வதாக யாராவது கதை எழுத நினைத்தால் ஓர் எச்சரிக்கை: வாட்டும் தொட்டியில் கொழுந்து தன் பாரத்தால்தான் வலையில் கிடக்கிறது. பாரமில்லாத இடத்தில் விசிறியைப் போட்டால் அத்தனையும் கூரைக்குப் போய்விடும்.)

இந்த நாவலைத் தமிழாக்க நினைப்பவர் முதல் பக்கத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பேரரசின் மொழியில் ஆண்பால் பெண்பால் கிடையாது. லெக்கி அதை ஆங்கிலத்தில் காட்ட எல்லோரையும் 'அவள்' ஆக்கிவிட்டார். தளபதி, வைத்தியர், தோட்டக்காரர், யாராயிருந்தாலும் அவள். தமிழில் 'அவர்' என்ற வசதி கையருகே இருப்பதால் மொழிபெயர்ப்பாளரின் கை தானாக அங்கே போகும். போனால் கதை போச்சு. 'அவர்' பாலை மறைக்கும், சரி. ஆனால் கூடவே மரியாதையைப் பூசிவிடும். மூலத்தில் வாசகருக்கு விழும் அதிர்ச்சி தமிழில் வெறும் பண்பான பேச்சாகிவிடும். 'அவள் படையை அணிவகுக்கச் சொன்னாள்' என்று துணிந்து எழுதவேண்டும். மரியாதையை உரையாடலுக்குள் வைக்கலாம். அதற்கு நம்மிடம் துரை, ஐயா, கணக்கப்பிள்ளை என்று ஏணிப்படிபோலச் சொற்கள் கிடக்கின்றன.

அடுத்தது கிழங்கு. ஆண்டி வியரின் 'தி மார்ஷியன்' செவ்வாயில் தனியே விடப்பட்ட தாவரவியலாளர் உருளைக்கிழங்கு நட்டு உயிர்பிழைக்கும் கதை. திரைப்படமாகவும் பலர் பார்த்தது. உருளைக்கிழங்கு விளையும் நுவரெலியாவிலும் வெலிமடையிலும் இதைக் கையில் எடுப்பவர் கதாநாயகனைவிட விதைக்கிழங்கைத்தான் கவனமாகப் பார்ப்பார்.

நன்றி செலுத்தும் நாள் விருந்துக்காக அனுப்பிய, உறையவைக்காத 12 கிழங்குகள். ஒவ்வொன்றையும் நாலாக வெட்டுகிறார், துண்டுக்கு இரண்டு முளைக்கண்ணாவது இருக்கும்படி. அதுவரை சரி. ஆனால் வெட்டிய முகம் ஈரலிப்பான, மிதமான குளிரில் இரண்டு மூன்று நாள் கிடந்து தோல்கட்டவேண்டும். ஈரமண்ணில் உடனே போட்டால் முளைக்குமுன் அழுகும். நம் பக்கத்து விவசாயிகள் பெரும்பாலும் முழுக்கிழங்கையே நடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஒரு நோய்க்கிழங்கை வெட்டிய கத்தி அடுத்த நூறு கிழங்குக்கும் பக்டீரியா வாடலைத் தடவிவிடும். செவ்வாயில் அந்தப் பயமில்லை, அது ஒன்றுதான் அங்கே சுகம்.

பெரிய பிசகு அறுவடைக்குப் பிறகு வருகிறது. தோண்டியதில் பெரியதைச் சாப்பாட்டுக்கும் சிறியதை விதைக்குமாகப் பிரித்து உடனே திரும்ப நடுகிறார். புதிதாகத் தோண்டிய கிழங்கு அப்படி முளைக்காது. அதற்கு உறக்ககாலம் உண்டு. இனத்தைப் பொறுத்து இரண்டு மூன்று மாதம். இங்கே விதைக்கிழங்கை மெல்லிய வெளிச்சம் பரவும் அறையில் தட்டுகளில் பரப்பி வைத்து, முளை குட்டையாகவும் பச்சையாகவும் தடித்தும் வந்தபிறகுதான் எடுப்பார்கள். இருட்டில் வைத்தால் முளை வெள்ளை நூலாக நீண்டு, எடுக்கும்போதே முறியும். அவசரமென்றால் லீற்றருக்குச் சில மில்லிகிராம் ஜிப்பெரெலிக் அமிலம் கலந்த நீரில் நனைத்து உறக்கத்தைக் கலைக்கலாம். செவ்வாய்க்கு அதை யாரும் கட்டி அனுப்பியதாகக் கதையில் இல்லை. ஒரு நாவலில் இது சின்ன ஓட்டைதான். ஆனால் முழுக் கதையும் சாப்பாடு எத்தனை நாளுக்கு என்ற கணக்கின்மேல் நிற்கும்போது, இரண்டு மாதம் காணாமற்போவது சின்ன விஷயமா?

கணக்கையே எடுத்துப் பார்ப்போம். அவர் தங்கிப் பயிரிடும் கூடாரத்தின் தரை 92 சதுர மீற்றர். ஹெக்டேயருக்கு 20 தொன் விளைச்சல் என்று தாராளமாக வைத்தால் சதுர மீற்றருக்கு 2 கிலோ. மொத்தம் 184 கிலோ. அடுத்த நடுகைக்கு ஹெக்டேயருக்கு 2 தொன் விதை என்ற வீதத்தில் 18 கிலோவை ஒதுக்கினால் மிச்சம் 166. நூறு கிராம் கிழங்கில் ஏறக்குறைய 77 கலோரி. வேலைசெய்யும் ஓர் ஆளுக்கு 1,500 கலோரி என்று இறுக்கிப் பிடித்தாலும் நாளுக்கு 2 கிலோ வேண்டும். 83 நாள் சாப்பாடு. பயிர் முற்ற எடுக்கும் காலமோ 90, 100 நாள். வியரின் கதாநாயகனும் இப்படியே பென்சிலும் கையுமாகத் திரிகிறார், இடத்தைக் கூட்டப் பார்க்கிறார். அந்த நேர்மைக்காகவே புத்தகம் பிடிக்கிறது.

மண்ணின் ஆழம் 10 சென்ரிமீற்றர். இங்கே வரம்பு 20, 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு எழும்பும்; செடி வளர வளர மண் அணைப்பார்கள். அணைக்காத கிழங்கு மேலே தலைகாட்டி, வெளிச்சம் பட்டுப் பச்சையாகி, சொலனின் நஞ்சேறிக் கசக்கும். ஆளுக்கு ஏற்ற கதகதப்பும் கிழங்குக்கு எதிரி. 15 முதல் 20 பாகை செல்சியஸ் மண்ணில் கிழங்கு நன்றாகக் கட்டும். சூடேற ஏறச் செடி மட்டும் காடாக வளரும், கீழே கோலிக்குண்டுதான். பகலிரவு பாராமல் விளக்கெரித்தாலும் அதே கதை, பல இனங்கள் கிழங்கு கட்டத் தாமதிக்கும். விளக்குக்கு மின்சாரமோ, சதுர மீற்றருக்கு வெறும் 200 வாட் என்றாலும் மொத்தம் 18 கிலோவாட்டுக்கு மேல்.

இதையெல்லாம் தாண்டினாலும் பெர்குளோரேற்று உப்பு நிற்கிறது. 2008இல் செவ்வாயில் இறங்கிய பீனிக்ஸ் கலம் அந்த மண்ணில் அதைக் கண்டது. தைரொய்ட் சுரப்பிக்கு அயடீன் போய்ச்சேர்வதைத் தடுக்கும் சாமான். கதை அதைத் தொடவேயில்லை. நல்லவேளை, அது தண்ணீரில் சுலபமாகக் கரையும். மண்ணைக் கழுவினால் போகும். கழுவிய தண்ணீரை என்ன செய்வது என்பது அடுத்த அத்தியாயத்துக்கான பிரச்சினை.

இந்த நாவலின் தொடக்கத்தில் வரும் புயல் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், வியரே ஒப்புக்கொண்டும் விட்டார், ஆகவே சுருக்கமாக. மணிக்கு 175 கிலோமீற்றர் காற்று ரொக்கெட்டைச் சாய்க்கப் பார்க்கிறது. செவ்வாயின் வளி அடர்த்தி பூமியில் உள்ளதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. காற்றின் தள்ளுவிசை அடர்த்தியோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடிக்குறையும். ஆகவே 175ஐ அறுபதின் வர்க்கமூலத்தால், அதாவது 7.7ஆல் வகுத்தால் பூமியில் அதற்குச் சமமான காற்று கிடைக்கும்: மணிக்கு 23 கிலோமீற்றர். தோட்டத்து லயத்தின் கூரைத் தகரம்கூடச் சத்தம்போடாது.

மந்திரக் கதைக்கு வருகிறேன். உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஒப் எர்த்சீ' 1968இல் வந்தது. மாணவர்களுக்கான புத்தகம் என்று நூலக அடுக்கில் ஒதுக்கிவிடுவார்கள். இதிலுள்ள மந்திரத்துக்கு இரண்டு சட்டம். ஒன்று, எந்தப் பொருளுக்கும் உயிருக்கும் உண்மைப் பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவர் கையில் அதன் குடுமி. அதனால் ஆட்கள் வெளியே வேறொரு பெயரில் நடமாடுகிறார்கள். பெரிய பறவைநாகத்தை (டிராகனை) கெட் என்ற இளைஞன் மடக்குவது வாளாலன்று, அதன் பெயரைச் சரியாக ஊகித்துச் சொல்லி.

மலையகத் தமிழில் 'பேர்' என்ற சொல்லைக் காதால் கேட்டவருக்கு இது மந்திரமாகவே தோன்றாது. காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கவேண்டும். சொன்ன நிறைக்குக் கொழுந்து வந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். ஒரு மனிதருக்கு அரைப்பேர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர் திகைப்பார்கள். இங்கே அது அரைநாள் சம்பளம், அந்த மாத அரிசியின் அளவு. பேரை எழுதும் பென்சில் வைத்திருப்பவர் ஆளையே வைத்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, சேமலாப நிதிப் பத்திரத்தில் மூன்றாவது எழுத்து; கடைசியில் மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்கவேண்டி வருகிறது. லெ குவினின் மந்திரவாதி அந்தக் கந்தோருக்குள் போனால் நாகத்தை மடக்கியதுபோல் சுலபமாக வெளியே வரமாட்டான்.

இரண்டாவது சட்டம் சமநிலை. ஒரு தீவில் மழையை இழுத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரும். ஆகவே தேர்ந்த மந்திரவாதி மழையில் நனைந்துகொண்டே போவான். மேற்குச் சரிவில் வட்டவளைப் பக்கம் தென்மேல் பருவமழை ஊற்றும் ஆடி ஆவணியில், கிழக்கே ஊவாவின் பண்டாரவளையில் நின்று பார்த்தால் இது விளங்கும். மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஏறும் காற்று குளிர்ந்து ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, வறண்ட கச்சான் காற்றாக ஊவாவுக்கு வருகிறது. அதே காற்று, அங்கே மண்சரிவு, இங்கே கிணற்றடியில் வாளி தரைதட்டும். ஆனால் அந்த வறட்சியில்தான் கொழுந்து மெல்ல வளர்ந்து ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணம் ஏறுகிறது. விலை கொடுக்காமல் எதுவும் நடக்காத மந்திரம் என்பதால்தான் எர்த்சீ நம்பத்தக்கதாக இருக்கிறது. மந்திரக் கதை எழுத விரும்பும் பிள்ளைகள் மந்திரக்கோலின் நீளத்தைத் தீர்மானிக்குமுன், ஒருவர் பெறும் வரத்துக்கு எந்த ஊர் வறளும் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. மின்னல் தெறிக்கும் கோல்களால் நிறைந்து, யாருக்கும் ஒரு சதமும் செலவாகாத தடித்த புத்தகங்கள் சந்தையில் ஏராளம்; அவற்றின் பெயர்களைச் சொல்லி இடத்தை வீணாக்கவில்லை.

கடைசியாக நம் வீட்டுக் கொல்லையில் நடக்கும் கதை. 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி 2008இல் கொழும்பில் காலமான ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி பவுண்டன்ஸ் ஒப் பரடைஸ்', 1979. பூமியிலிருந்து விண்வெளிக்குக் கயிற்றுத் தூக்கி கட்டும் கதை. அதன் அடிவாரம் சிவனொளிபாதமலையை ஒத்த மலையின் உச்சி. மலை 2,243 மீற்றர்; கயிறு எட்டவேண்டிய நிலைச்சுற்றுப் பாதையோ (செய்மதி பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் உயரம்) 35,786 கிலோமீற்றர். மலையேறிக் கட்டுவதால் மிச்சப்படும் தூரம் ஒரு தூசு. அப்படியிருக்க மலை எதற்கு? இடியும் புயலும் அடர்ந்த வளியில் சிறு பங்கையாவது கீழே விட்டுவிடலாம், அவ்வளவே. உண்மையில் தேவைப்படுவது நிலநடுக்கோடு. வடக்கே ஏறக்குறைய 6.8 பாகையில் இருக்கும் மலையில் கட்டினால் கயிறு நேரே தலைக்குமேல் போகாமல் தெற்கே சாய்ந்து நிற்கும். கிளார்க்குக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டேன் என்று புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார். இப்படி ஒரே ஒரு பெரிய பொய்யை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மற்ற எல்லாவற்றிலும் கணக்குத் தவறாமல் போவது இந்த வகை எழுத்தின் நல்ல இலட்சணம்.

மலைக்கோயில் பிக்குமாருக்கும் பொறியியலாளருக்கும் இடையிலான இழுபறியும், சமனலகந்த (சிங்களத்தில் வண்ணத்துப்பூச்சி மலை) என்ற பெயருக்கேற்ப வண்ணத்துப்பூச்சிகள் மலையேறும் கட்டமும் புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதிகள். முடிவைச் சொல்லிக் கெடுக்கவில்லை. ஆனால் பொறியியலாளர், பிக்கு, ஓய்வுபெற்ற இராஜதந்திரி, பழைய மன்னன் என்று முதன்மைப் பாத்திரங்கள் வரிசையாக வரும் கதையில், அந்த மலையைச் சுற்றிக் கொழுந்தெடுக்கும் எவருக்கும் அந்த வரிசையில் இடமில்லை. அத்தனை சீமெந்தையும் கம்பியையும் நல்லதண்ணியிலிருந்து மேலே ஏற்றியது யார்? மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக்கில் முடியும் யாத்திரைக் காலத்துக்கு வெளியே, தென்மேல் காற்று படிக்கட்டில் ஆளையே தள்ளும் மாதங்களில், அந்தப் பாரம் எப்படி ஏறியது? இந்த இரண்டு கேள்வியிலிருந்தே மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் ஒரு நாவல் தொடங்கலாம். தரவுக்கு வெளியே எங்கும் போகத் தேவையில்லை.

இனிமேல் இத்தகைய நூல்களுக்கு மதிப்புரை போடும்போது வெளியான ஆண்டு, பக்கம், விலை, தமிழாக்கமென்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆகியவற்றையும் சேர்த்துப் போட்டால் தேடி வாங்குவோருக்கு உதவியாக இருக்கும். அத்தோடு ஒரு சிறு திருத்தம்: மேற்சொன்ன குறிப்பில் செய்மதிகள் 36,000 மீற்றர் உயரத்தில் நிலையாக நிற்பதாக அச்சாகியிருந்தது. அது கிலோமீற்றர். 36,000 மீற்றரில் வானிலை பலூன்தான் போகும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கந்தப்பளை.